கிரீன் ரிட்ஜ் பதுங்குகுழிகள்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, அதன்பின் வரும் கேள்விகளுக்கு விடையெழுதுக.

பேரா மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே அமைந்துள்ள நகரம் காம்பார். ஒரு காலத்தில் ஈயத்தால் பெயர் பெற்ற இந்நகர், இன்று துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகத்தால் மாணவர்கள் நிறைந்த நகரமாக விளங்குகிறது. நகரின் வடபுறத்தில், பழைய நெடுஞ்சாலையை ஒட்டிச் சிறு மேடு ஒன்று உள்ளது. அதன் பெயர் கிரீன் ரிட்ஜ். மரங்களும் புதர்களும் மூடிய அம்மேட்டில் ஏறிப் பார்த்தால், ஆங்காங்கே மண் சரிந்த பள்ளங்கள் தென்படும். அவை மழைநீர் அரித்த பள்ளங்கள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது வீரர்கள் தோண்டிய அகழிகளும் பதுங்குகுழிகளும் ஆகும்.

போர்க்காலத்தில் தோண்டப்பட்ட குழிக்குள் பொன்னும் பொருளும் இருப்பதில்லை. ஆயினும், உரிய கேள்விகளைக் கேட்பவருக்கு அது பெரும் செய்திகளைச் சொல்லும். இஃது ஏன் இந்த இடத்தில் தோண்டப்பட்டது? இதனை உருவாக்கியவர்கள் யார்? அவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது? இம்மூன்று கேள்விகளோடு கிரீன் ரிட்ஜ் மேட்டை அணுகுவோம்.

ஏன் இந்த இடம்?

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியப் படை கோத்தா பாருக் கடற்கரையில் தரையிறங்கியது. அதே நாளில் தாய்லாந்தின் தென்கரையிலும் இறங்கிய படைகள், எல்லையைக் கடந்து மலாயாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி விரைந்தன. டிசம்பர் 10ஆம் நாள், பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடற்பகுதியில் விமானத் தாக்குதலால் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்த சில நாள்களில் ஜித்ரா அரண் உடைந்தது, பினாங்கு கைவிடப்பட்டது, மாத இறுதிக்குள் ஈப்போவும் வீழ்ந்தது.

பின்வாங்கிய படைகள் எங்கேனும் ஓரிடத்தில் நின்று எதிரியைத் தடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற இடமாகக் காம்பார் அமைந்தது. நகரின் கிழக்கே 1200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது புஜாங் மலாக்கா மலை. மேற்கே ஈயலம்பங்களும் அவை விட்டுச் சென்ற குளங்களும் நிறைந்த சமவெளி. மலைக்கும் சமவெளிக்கும் இடையே, மலையடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது நெடுஞ்சாலை. வடக்கிலிருந்து வரும் படை, பீரங்கிகளையும் கவச வண்டிகளையும் கொண்டுசெல்ல அச்சாலையையே நம்பியிருக்க வேண்டும்.

மலையிலிருந்து சாலையை நோக்கிச் சில முகடுகள் இறங்கி வருகின்றன. தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ், செமட்ரி ரிட்ஜ் என்று படையினர் அவற்றைக் குறிப்பிட்டனர். அம்முகடுகளில் நின்றால் சாலையில் வருபவரைத் தொலைவிலேயே காணலாம். மரங்கள் குறைந்த ஈயலம்ப வெளியில் எதிரி மறைந்து முன்னேறுவதும் கடினம். மேட்டின்மேல் இருக்கும் கண்காணிப்பாளர் எதிரி இருக்குமிடத்தைக் கூறினால், பின்னால் நிற்கும் பீரங்கிகள் அவ்விடத்தைக் குறிவைத்துச் சுடும். ஜித்ராவில் மழையிலும் சேற்றிலும் சிதறிய படைக்கு, இங்கேதான் முதன்முறையாக நிலமே துணை நின்றது.

நான்கு நாள் போர்

டிசம்பர் இறுதியில் அங்கு நிறுத்தப்பட்ட வீரர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு அவசர அவசரமாக அகழிகளைத் தோண்டினர். காலாட்படை வீரனுக்கு அகழியே வீடு, அதுவே கேடயம். குண்டு வெடித்துச் சிதறும் இரும்புத் துண்டுகள் தரைக்கு மேலேதான் பாயும். ஆகவே, இடுப்பளவு பள்ளம்கூட உயிரைக் காக்கும். அகழிகளை நேர்கோட்டில் அமைக்காமல் வளைத்து வளைத்து அமைப்பது போர்க்கலையின் பால பாடம். ஒரு மூலையில் குண்டு விழுந்தாலும் அதன் வீச்சு அடுத்த மூலைக்குச் செல்லாது.

அம்முகடுகளைக் காத்த வீரர்கள் யார்? 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த 6/15 பிரிகேட் காம்பார் நகரப் பக்கத்தைக் காத்தது. அதில் ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்னும் அணி ஒன்று இருந்தது. வடக்கில் நடந்த போர்களில் பேரிழப்பைச் சந்தித்த லெஸ்டர்ஷயர், கிழக்கு சர்ரே ஆகிய இரு படையணிகளில் எஞ்சியோரை ஒன்றுசேர்த்து உருவாக்கப்பட்டது அவ்வணி. அவர்களோடு பஞ்சாப், ஜாட் படையணிகளைச் சேர்ந்த இந்திய வீரர்கள் நின்றனர். மலையின் மறுபக்கம் சாஹோம் வழியாகச் செல்லும் சுற்றுச்சாலையைக் கூர்க்கா வீரர்கள் காத்தனர்.

1941 டிசம்பர் 30ஆம் நாள் தொடங்கிய போர் 1942 ஜனவரி 2ஆம் நாள் வரை நீடித்தது. ஜப்பானின் 5ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் மீண்டும் மீண்டும் முகடுகளின்மீது ஏறித் தாக்கினர். சில அகழிகள் எதிரி கைக்குப் போயின, மீண்டும் கைப்பற்றப்பட்டன. இறுதி நாளில் கேப்டன் ஜான் கிரஹாம் என்பவரின் தலைமையில், சீக்கியரும் குஜ்ஜர்களும் அடங்கிய குழு ஒன்று துப்பாக்கி முனையில் கத்தியைப் பொருத்திக்கொண்டு, எதிரி பிடித்திருந்த அகழிகளின்மீது பாய்ந்தது. அகழிகள் மீட்கப்பட்டன. ஆனால், அவ்வெற்றிக்குப் பலர் உயிரைக் கொடுத்தனர். இரு கால்களிலும் படுகாயமுற்ற கிரஹாமும் உயிர் பிழைக்கவில்லை.

மலாயாப் போரில் ஜப்பானியப் படை சந்தித்த மிகக் கடுமையான எதிர்ப்புகளுள் ஒன்றாகக் காம்பார் போர் கருதப்படுகிறது. எனினும், முகடுகள் வீழ்ந்ததால் அப்போர் முடியவில்லை. ஜப்பானியர் மேற்குக் கடற்கரை வழியாகச் சிறு படகுகளில் வந்து, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சன் வட்டாரத்தில் இறங்கினர். பின்பக்கச் சாலை துண்டிக்கப்படும் நிலை ஏற்பட்டதால், ஜனவரி 2ஆம் நாள் இரவு காவற்படை பின்வாங்கியது. ஜனவரி 7ஆம் நாள் ஸ்லிம் ரிவரில் அப்படை சிதைந்தது. ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின.

பெயர்கள் எங்கே?

போரில் இறந்தோரில் பலருக்குத் தனிக் கல்லறை கிடைக்கவில்லை. தைப்பிங் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் 850க்கும் மேற்பட்ட வீரர்கள் துயில்கின்றனர். அவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் யாரென்று அடையாளம் காணப்படவில்லை. ஆயினும், உடல் கிடைக்காதவர்களின் பெயர்களாவது காக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்திய வீரர்களின் பெயர்களும் அடங்கும்.

காம்பார் போரின் நினைவு நிலைத்திருக்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் உழைப்பும் காரணமாகும். காம்பார் ஆங்கிலோ-சீனப் பள்ளியில் பணியாற்றிய சை கூய் லூங் என்பவர், இப்போரைப் பற்றிய செய்திகளைப் பல்லாண்டுகள் தேடித் திரட்டினார். போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்களிடம் கேட்டறிந்து, பிரிட்டிஷ் பட்டாலியனின் வரலாற்றை நூலாக எழுதி 1984இல் வெளியிட்டார். ஒருவர் கேட்டு எழுதியதால் ஒரு மேட்டின் வரலாறு பிழைத்தது.

போர் உருவாக்கிய எல்லா இடங்களையும் வீரர்களே உருவாக்கவில்லை. இதனைப் புரிந்துகொள்ள, அதே போரின் இன்னொரு முனையான ஐரோப்பாவில் உள்ள ஒரு பதுங்கரணைக் காண்போம்.

கற்காரைக்குள் மறைந்த கொடுமை

பிரான்ஸ் நாட்டின் வடபகுதியில், செந்தோமேர் நகருக்கு அருகே எப்பர்லெக் என்னும் காடு உள்ளது. 1943ஆம் ஆண்டு, ஜெர்மனியின் நாஜி அரசு அங்கே மாபெரும் கற்காரைக் கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கியது. லண்டன் நகரைத் தாக்குவதற்கான ‘வி-2’ ராக்கெட்டுகளை அங்கிருந்து ஏவுவதே திட்டம். ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள அந்த ராக்கெட், ஏறக்குறைய ஒரு டன் வெடிமருந்தைச் சுமந்து, ஒலியைவிடப் பன்மடங்கு வேகத்தில் பாயக்கூடியது. அஃது ஒலியை முந்தி வருவதால், விழுவதற்கு முன் எவருக்கும் எச்சரிக்கை ஓசை கேட்காது.

1943 ஆகஸ்டு 27ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் அக்கட்டடத்தின்மீது குண்டுகளைப் பொழிந்தன. இறுகாத கற்காரை சிதைந்து உருக்குலைந்தது. அதன்பின் ஜெர்மானியப் பொறியியலாளர்கள் புதியதொரு முறையைக் கையாண்டனர். 5 மீட்டர் கனமுள்ள கூரையை முதலில் அமைத்து, அதனை நீரழுத்தத் தூக்கிகளால் சிறிது சிறிதாக உயர்த்தி, அதன் காப்பில் கீழே சுவர்களை எழுப்பினர். அருகிலுள்ள விசேர்ன் என்னுமிடத்திலும், சுண்ணாம்புப் பாறையின்மேல் முதலில் குவிமாடம் ஒன்றை அமைத்து, அதன் அடியில் குடைந்து இன்னோர் அரணைக் கட்டினர். 5 மீட்டர் கனமும் 70 மீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் கொண்டது அக்குவிமாடம்.

இவ்வளவு உழைப்பும் வீணாயிற்று. தொடர்ந்த குண்டுவீச்சால் இவ்விரு இடங்களும் கைவிடப்பட்டன. இங்கிருந்து ஒரு ராக்கெட்டுகூட ஏவப்படவில்லை. 1944 செப்டம்பர் 8ஆம் நாள் லண்டனைத் தாக்கிய முதல் வி-2, நெதர்லாந்தில் நடமாடும் ஏவுவண்டியிலிருந்தே புறப்பட்டது.

இன்று இவ்விரு அரண்களும் அருங்காட்சியகங்களாக உள்ளன. அக்கற்காரையின் கனத்தைக் கண்டு வியப்பது எளிது. ஆனால், அதனைச் சுமந்தவர்களுள் பெரும்பாலோர் கட்டாயத் தொழிலாளர்களும் கைதிகளும் ஆவர். பின்னர் ராக்கெட்டுகளைத் தயாரித்த ஜெர்மனியின் நிலத்தடித் தொழிற்சாலையில் நிலைமை இதனினும் கொடியது. அதற்கென உருவாக்கப்பட்ட டோரா வதைமுகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் ஏறத்தாழ 60,000 கைதிகள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய 20,000 பேர் பசியாலும் நோயாலும் கொடுமையாலும் இறந்தனர். வி-2 விழுந்து இறந்தவர்களைவிட, அதனைச் செய்யும்படி வதைக்கப்பட்டு இறந்தவர்களே அதிகம். ‘இதனை உருவாக்கியவர்கள் யார்?’ என்ற கேள்வியைக் கேளாதவர்க்கு இவ்வுண்மை தெரியாமலே போய்விடும்.

நம் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள்

அதே கேள்வியோடு மீண்டும் நம் மண்ணுக்குத் திரும்புவோம். காம்பார் போர் முடிந்த பிறகு, போர் ரப்பர் தோட்டங்களுக்குள் நுழைந்தது. ரப்பரை விற்கும் வழி அடைபட்டதால் தோட்டங்களில் வேலை குறைந்தது. பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழர் குடும்பங்கள் அரிசியைக் கண்ணால் காண்பதே அரிதாயிற்று. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. ஜப்பானியர் வெளியிட்ட ‘வாழைமர நோட்டு’ நாளடைவில் மதிப்பிழந்தது.

இந்நிலையில்தான் சயாமில் வேலை இருப்பதாகத் தோட்டங்களில் ஆள் சேர்த்தனர். மூன்று மாத வேலை, நல்ல கூலி, போதிய உணவு என்று ஆசை காட்டப்பட்டது. அதனை நம்பிச் சிலர் போயினர். சென்றவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, ஆள்களை வளைத்துப் பிடித்து அனுப்பினர். சரக்கு இரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, சயாமின் பான் போங் என்னுமிடத்தில் இறக்கப்பட்டவர்கள், அங்கிருந்து காட்டுவழியே நாள்கணக்கில் நடந்து முகாம்களை அடைந்தனர்.

அவர்கள் அமைத்தது சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதை. 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலைப்பாறையைக் கையாலேயே குடைந்தனர். ஆறுகளின்மீது மரப்பாலங்கள் எழுப்பினர். 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா நோய் முகாம் முகாமாகப் பரவியது. இப்பாதைக்காக உழைத்தவர்களுள் 60,000க்கும் மேற்பட்டோர் போர்க்கைதிகள். ஆனால், அவர்களைப்போல் மூன்று மடங்கு அளவிலான ஆசியத் தொழிலாளர்களும் அங்கு உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் சென்றதாக மதிப்பிடப்படுகிறது; அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு 90,000 வரை இருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். போர்க்கைதிகளின் எண்ணிக்கையை ஓரளவு துல்லியமாகக் கூற முடிகிறது. ஏனெனில், படையில் ஒவ்வொருவருக்கும் பெயர்ப்பதிவும் எண்ணும் இருந்தன. நோயிலும் பசியிலும்கூடச் சக கைதிகளின் இறப்பை அவர்கள் இரகசியமாகக் குறித்து வைத்தனர். அதனால்தான் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகளைக் காண்கிறோம். தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய பதிவு இல்லை. அவர் இறந்த செய்தியைக் குடும்பத்தாருக்கு அறிவிக்கவும் ஆளில்லை. பல வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஆகவே, அவர்களைப் பற்றிய கணக்கு இன்றுவரை மதிப்பீடாகவே நிற்கிறது.

கல்லில் எழுதப்படாத அந்நினைவு, சொல்லில் வாழ்ந்தது. திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் அமர்ந்து சொன்ன கதைகளைப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தனர். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களான ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் எழுதி அத்துயரத்தைப் பதிவு செய்தனர். போரில் வீழ்ந்தவர்க்குக் கல் நட்டு வழிபடுவது தமிழரின் தொன்மையான வழக்கம். அவ்வழக்கத்தைப் பின்பற்றி, 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் இத்தொழிலாளர்களுக்கு நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. இறந்து எண்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை அது.

நாம் செய்யக்கூடியது

கிரீன் ரிட்ஜின் அகழிகள் வெறும் மண்ணால் ஆனவை. ஒவ்வொரு மழையும் அவற்றைச் சிறிது தூர்க்கிறது. எப்பர்லெக் அரண்போல் அவை நூற்றாண்டுகள் தாங்கா. அங்கே செல்வோர் அகழியின் விளிம்பில் ஏறி மிதிக்காமலும், கிடைக்கும் பழம்பொருளைத் தோண்டி எடுக்காமலும் இருப்பதே முதற்கடமை. வெடிக்காத குண்டு போன்ற பொருள் எங்கேனும் தென்பட்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும்.

மண்ணைவிட விரைவாக மறைவது மனித நினைவு. 1943இல் பத்து வயதுச் சிறுவராக இருந்தவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்திருப்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். காம்பார், கோப்பெங், தாப்பா வட்டாரங்களில் வேரூன்றிய குடும்பங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று எவரையேனும் பெரியவர்கள் குறிப்பிடக்கூடும். அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? திரும்பினாரா? தாத்தாவிடமோ பாட்டியிடமோ இவற்றைக் கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், அதுவும் வரலாற்று ஆவணமே.

காம்பார் மேட்டைக் காத்த வீரனும், சயாம் காட்டில் மண் சுமந்த தொழிலாளியும் ஒரே போரில்தான் உயிர் துறந்தனர். ஒருவரை நினைக்க ஒரு மேடு இருக்கிறது. மற்றவரை நினைக்க நம் கேள்விகளே இருக்கின்றன.

பயிற்சிகள்

1. பின்வாங்கிய படை காம்பாரில் நின்று போரிடத் தேர்ந்தெடுத்ததற்கான நில அமைப்புக் காரணங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.

2. முகடுகளைத் தக்கவைத்துக்கொண்ட போதிலும் காவற்படை ஏன் பின்வாங்க நேர்ந்தது?

3. எப்பர்லெக் பதுங்கரணின் கூரை முதலில் அமைக்கப்பட்டதன் நோக்கத்தை விளக்குக.

4. போர்க்கைதிகளின் இறப்பு எண்ணிக்கையைத் துல்லியமாகக் கூற முடிகிறது. ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கையைக் கூற இயலவில்லை. ஏன்?

5. ‘ஒருவர் கேட்டு எழுதியதால் ஒரு மேட்டின் வரலாறு பிழைத்தது.’ இக்கூற்றை உன் குடும்ப வரலாற்றோடு தொடர்புபடுத்தி 80 சொற்களில் எழுதுக.

6. குழு நடவடிக்கை: உங்கள் வட்டாரத்தில் வாழும் முதியவர் ஒருவரை நேர்காணல் செய்து, ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றி அவர் கண்டதையோ கேட்டதையோ வகுப்பில் படைத்திடுக.